சப்பரத்துக்கு முன்னால் போகிற வண்டி

வண்டி அலறுகிறது என்று எனக்கு முதலில் வந்து சொன்னது உபதேசியார் இன்னாசிதான், சாமி. போன வருஷம் மாதா திருநாள் அன்று, சப்பரம் கோயில் வாசல் தாண்டித் தெருவில் இறங்கின கொஞ்ச நேரத்திலேயே சொன்னார். நான் பெண்கள் வரிசையில் செபமாலையோடு நடந்துகொண்டிருந்தேன். அவர் முன்னால் வண்டிக்குள் உட்கார்ந்து மைக்கில் செபமாலை சொல்லவேண்டியவர். மைக்கைச் சிஸ்டர் கையில் திணித்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் எதிர்த்து ஓடி வந்தார்.

"அமலியக்கா, உங்க வண்டி அலறுது. நான் சொல்ற செபம் எனக்கே கேக்கல. மைக்குல பாதி அருள் நிறைந்த மரியே, பாதி இன்ஜின். பஜார்ல எல்லாரும் சிரிக்கான்."

"அலற வழியில்லையே! நேத்துச் சாயந்தரம் நான்தானே இன்ஜினுக்கு ஸ்லோ வச்சேன்" என்றேன் நான்.

உட்காருங்கள் சாமி. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். பெரிய சாமி உங்களை வீடு மந்திரிக்க மட்டும் அனுப்பவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த வண்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அதனால்தான் தீர்த்தம் தெளித்த கையோடு உங்களை நேராக இந்தக் கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். இந்த வருஷம் சப்பரத்துக்கு முன்னால் எங்கள் வண்டி போகுமா, அந்த எஸ்கலின் மகன் கார் போகுமா, அதுதானே விஷயம்? நீங்கள் இந்தப் பங்குக்குப் புதுசு. இரண்டு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் பக்கத்தை நான் சொல்கிறேன். அவள் பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.

முதலிலேயே ஒன்று. இது பாவசங்கீர்த்தனம் இல்லை, சாமி. என் பாவத்தை நான் சனிக்கிழமை சனிக்கிழமை கோயிலில் சொல்லிவிடுகிறேன். இது அவளுடைய பாவம்.

எஸ்கலின் யாரென்றால் என் ஓரகத்தி. என் கொழுந்தன் வால்டர் பெண்சாதி. இதோ இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. நான் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். என் புருஷன் சாவுக்கு என்னைவிடச் சத்தமாக அழுதவள் அவள். பந்தலில் வந்தவர்களெல்லாம் அவளைப் பெண்சாதி என்று நினைத்து அவள் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டிக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்காரர் பெயர் தனிஸ்லாஸ். ஹார்பரில் கிரேன் ஓட்டினார். இந்த ஃபியட்டுக்குள் ஒரு டாக்டர் வீட்டில் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். அங்கேயிருந்து இழுத்து வந்து, பிரித்து, கழுவி, மாட்டி ஓட வைத்தார். அப்போது இருந்த பெரிய சாமி வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, "தனிஸ்லாஸ், மாதா சப்பரத்துக்கு முன்னால உன் வண்டி போகட்டும், செபமாலை சொல்றவர் அதுல உக்காந்துக்கட்டும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. ரைஸ்மில்காரர் வீட்டில் பெரிய பெரிய கார் இருக்கிறது. ஐஸ் பேக்டரிக்காரர் வீட்டில் இருக்கிறது. ஒன்றும் முன்னால் போனதில்லை. மாதாவுக்கு முன்னால் போகிற வண்டி எங்கள் வண்டி. அமலோற்பவம் வீட்டு வண்டி என்றுதான் பேர்.

சப்பரத்துக்கு முன்னால் போவது லேசு என்று நினைக்காதீர்கள். வேகமாகப் போக எந்த வண்டிக்கும் தெரியும். ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். வீட்டுக்கு வீடு சப்பரம் நிற்கும், மாலை போடுவார்கள், மெழுகுதிரி கொடுப்பார்கள், அதுவரைக்கும் வண்டியும் நிற்க வேண்டும். நின்றால் இன்ஜின் அணையக் கூடாது. அணையாமல் இருக்கிறேன் என்று சத்தமும் போடக் கூடாது, செபம் கேட்காது. ஆக்ஸிலேட்டரில் காலை வைக்காமல் வண்டி தன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அந்த ஓட்டத்துக்குப் பேர்தான் ஸ்லோ. கார்புரேட்டரில் இரண்டு ஸ்குரூ இருக்கிறது. ஒன்று ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். இன்னொன்று பெட்ரோலும் காற்றும் சேருகிற கலவையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றைத் தொட்டால் மற்றதையும் தொட வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு மருமகள் இருக்கிற மாதிரி என்பார் எங்கள் வீட்டுக்காரர். இந்த வீட்டில் ஒன்றுதான் ஒத்துப்போனது, அது நான்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது சாமி. ஸ்டார்ட் பண்ணத் தெரியும், ஸ்லோ வைக்கத் தெரியும். எப்படியென்றால், எங்கள் வீட்டுக்காரருக்குக் காது போய்விட்டது. ஹார்பர் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஆனால் ஒத்துக்கொண்டாரா? சாகிற வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எதிரே நிற்கிறவர்களெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பார். ரேடியோவில் பேட்டரி சரியில்லை என்பார். கோயில் மைக் செட்டைக் குறை சொல்வார். ஆம்பிளைகளுக்கு அது ஒரு வீம்பு, சாமி. நான் எதிர்த்துப் பேச மாட்டேன். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிடுவார். அவர் திருப்புளியை வைத்து ஸ்குரூவைத் திருப்புவார். நான் பானெட் பக்கத்தில் நின்று அருள் நிறைந்த மந்திரத்தை மெதுவாகச் சொல்வேன்.

"ஏட்டி, உன் சத்தமும் உனக்குக் கேக்கணும், இன்ஜின் சத்தமும் கேக்கணும். ஒண்ணு இன்னொண்ணை அமுக்குனா ஸ்லோ தப்பு" என்பார்.

அதுதான் கணக்கு. கடைசியில் யாருக்கும் கேட்காமல் என் பக்கம் குனிந்து, "ஓடுதா, நின்னுட்டாட்டி?" என்று கேட்பார். "ஓடுது" என்று தலையை ஆட்டுவேன். பானெட்டை மூடிவிடுவார். அவர் போன பிறகு திருப்புளி என் கைக்கு வந்தது. காது என்னுடையதுதானே, கைதானே பழக வேண்டும், பழகிவிட்டது. வால்டர் ஓட்டுவார், நான் ஸ்லோ வைப்பேன். ஒரு வருஷம்கூட ஒரு சொல் வந்ததில்லை.

அப்படியிருக்க, போன வருஷம் மட்டும் எப்படி அலறும்? நீங்களே சொல்லுங்கள்.

முந்தின சாயங்காலம் நான்தான் வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு இன்ஜின் சத்தமே இல்லை, செத்துக் கிடந்தது. இழுத்துக்கொண்டு கிடக்கிற கிழவி மாதிரி. இப்படி ஓடினால் முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும் என்று நினைத்துக் கூட்டினேன். கூட்டினதும் என் செபம் எனக்குக் கேட்கவில்லை. சரி என்று செபத்தைச் சத்தமாகச் சொன்னேன். மாதாவுக்கு அது பிரியம்தானே? பிறகு இன்ஜின் அமுங்கின மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பெட்ரோலையும் கொஞ்சம் கூடுதலாக விட்டேன். கடைசியில் இரண்டு சத்தமும் நன்றாகக் கேட்டது. வண்டிக்குள் வால்டர் உட்கார்ந்து கையைக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையில் கொசு அதிகம்.

மறுநாள் இன்னாசி வந்து அலறுகிறது என்கிறார். நான் பெண்கள் வரிசையிலிருந்து காதைக் கொடுத்துக் கேட்கிறேன், எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால் அன்றைக்குத்தான் வண்டி லட்சணமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் சம்மனசு வேஷம் போட்ட பிள்ளைகள் போகும் பாருங்கள், வெள்ளைக் கவுன், வெள்ளைச் சிறகு, அந்தப் பிள்ளைகள் மூக்கெல்லாம் கரி. ஒரு சம்மனசு இருமிக்கொண்டே போகிறது. அதன் அம்மாக்காரி சேலைத் தலைப்பால் சிறகைத் துடைக்கிறாள், துடைக்கத் துடைக்க ஈஷுகிறது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! என்னை ஏன் பார்க்க வேண்டும்?

பஜார் முக்கில் வண்டி நின்றது. வால்டர் இறங்கினார். பானெட்டைத் தூக்கினார். கையில் திருப்புளி. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் சாமி. ஓட்ட ஸ்குரூவைப் பிடித்துத் திருப்பிவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டார். வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கிற்று, அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்ணுகிறார், பண்ணுகிறார், பெட்ரோல் வாடைதான் வருகிறது. பின்னால் சப்பரம் நிற்கிறது. மாதா நிற்கிறாள், சாமி. பஜார் முக்கில், பரோட்டாக் கடை வாசலில், மாதா காத்துக்கொண்டு நிற்கிறாள்.

எங்கிருந்துதான் வந்ததோ, அந்த ஜோஸ்வின், எஸ்கலின் பெற்றெடுத்தது, புதுக் காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து சொருகினான். எங்கள் வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். எங்கள் வண்டி மேலே கட்டியிருந்த மைக் செட்டுக் குழாயைக் கழற்றி அவன் கார் மேலே கட்டினார்கள். இன்னாசி அதில் ஏறி உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அப்பாடா, இது ஓடுதான்னே தெரியல" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஊரே கேட்டது. ஓடுகிறதா என்றே தெரியாத வண்டி, அதெல்லாம் ஒரு வண்டியா?

எஸ்கலின் அப்போது என் பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்தாள். என்னமோ சொன்னாள். வாய்க்குள்ளேயே சொன்னாள், ஒன்றும் விளங்கவில்லை. முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அதுவே போதாதா? கையைத் தட்டிவிட்டேன்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? இல்லை, நீங்களும் ரொம்ப மெதுவாகத்தான் பேசுகிறீர்கள். செமினாரியில் அப்படிப் பழக்குகிறார்கள் போலிருக்கிறது. பழைய சாமியார்கள் பேசினால் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

அதைத்தான் சொல்கிறேன். நான் வைத்த ஸ்லோவை இராத்திரியோடு இராத்திரியாக யாரோ மாற்றியிருக்கிறார்கள். கொட்டகைச் சாவி இரண்டு வீட்டிலும் உண்டு. வேறு யார்? மகன் புதுக் கார் வாங்கியாயிற்று. பால் காய்ச்சிக் குடித்து, மந்திரித்து, எலுமிச்சம்பழம்வரைக்கும் சக்கரத்தடியில் வைத்து ஏற்றியாயிற்று. ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரி வீட்டில் எலுமிச்சம்பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காருக்கு என்ன குறை? மாதாவுக்கு முன்னால் போகவில்லை, அந்த ஒரு குறைதான்.

திருநாள் முடிந்ததும் கொட்டகைப் பூட்டை மாற்றினேன். வால்டர் வந்து, "மதினி, நான் எப்படி வண்டியை எடுத்து ஓடவிடுறது?" என்று கேட்டார். "நான் ஓடவிடுறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்றேன். தினமும் காலைப் பூசை முடிந்து வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணுவேன், ஸ்லோ பார்ப்பேன். மறுநாள் காலையில் பார்த்தால் சத்தம் குறைந்திருக்கும். கூட்டுவேன். மறுநாள் மறுபடியும் குறைந்திருக்கும். பூட்டு பூட்டினபடி இருக்கிறது, ஸ்லோ மட்டும் குறைகிறது!

பானெட்டுக்குக் குறுக்கே தையல் நூலைக் கட்டினேன். யாராவது தூக்கினால் அறுந்துபோகும் இல்லையா? காலையில் பார்த்தேன், நூல் அறவில்லை. ஸ்லோ குறைந்திருக்கிறது. நூலை அறுக்காமல் பானெட்டைத் தூக்கியிருக்கிறாள் என்றால் எப்பேர்ப்பட்ட கைகாரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்குரூத் தலையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தேன். திருப்பினால் கோடு விலகும். காலையில் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அதே பெயிண்டை வாங்கி அவளும் கோடு போடுகிறாள் என்று நினைக்கிறேன். செய்வாள். ஈஸ்டருக்கு நான் செய்கிற பலகாரத்தைப் பார்த்து அதே மாதிரிச் செய்து எனக்கே கொடுத்தனுப்புகிறவள்தானே.

ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். திட்டுகிறபோது மட்டும் தெளிவாகப் பேசுவாள்.

"என்னக்கா, காலங்காத்தால ஏரோப்ளேன் கிளம்புதா? எங்க வீட்டு அலமாரியில தம்ளரெல்லாம் டான்ஸ் ஆடுது!"

"நல்ல கையால அடுக்கி வச்சா ஆடாது எஸ்கலின்" என்றேன்.

"தெருவுல நாய் ஒண்ணு மிச்சமில்ல. எல்லாம் பஸ் ஸ்டாண்டுல போய்க் குடியிருக்கு."

"இங்க குலைக்கிறதுக்கு நீ இருக்கிற தைரியத்துலதான் போயிருக்கும்."

அன்றைக்கு முழுவதும் அவள் சுவர்ப் பக்கமே வரவில்லை. நான் அவளுக்காகச் செபமாலையில் இன்னொரு பத்து மணி கூடுதலாகச் சொன்னேன். தினமும் சொல்கிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டும், சாமி. நீண்ட ஆயுசோடு இருந்து எல்லாவற்றையும் அனுபவிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்தாள் ஒரு நாள், வாசல் வழியாகவே. கையில் கருவாட்டுக் குழம்பு. என் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"அக்கா. கோவிச்சுக்காதீங்க. உங்க காதை ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோமா? ஜோஸ்வின் கார்ல நானே கூட்டிட்டுப் போறேன். உங்க கொழுந்தன்தான் சொல்லச் சொன்னாங்க. ஜெசிந்தாகிட்டயும் பேசிட்டோம்."

ஜெசிந்தா என் மகள். மஸ்கட்டில் இருக்கிறாள். பார்த்தீர்களா, கடல் தாண்டிப் போய் என் பிள்ளை மனதையும் கலைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை போனில், "அம்மா, ஏன் இப்படிக் கத்துறீங்க, நான் பக்கத்துல இருக்கிற மாதிரி பேசுங்க" என்கிறாள். இப்போது வருகிற போனெல்லாம் அப்படி, என்ன செய்வது.

என் காதுக்கு என்ன சாமி? இந்த வீட்டில் காது என்றால் அது என் காதுதான். இந்தக் காதை வைத்துத்தான் அந்த மனுஷன் வண்டி ஓட்டினார். இந்தக் காதை வைத்துத்தான் மாதாவுக்கு முன்னால் எங்கள் வண்டி போனது. அதையே பிடித்தாள் பாருங்கள்! காது கேட்காதவள் வைத்த ஸ்லோ என்று ஊரில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் போதும், பூட்டும் உடைக்க வேண்டாம், நூலும் அறுக்க வேண்டாம், வண்டி தன்னால் பின்னுக்குப் போய்விடும். குழம்பை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். "உப்பு கூடியிருக்கும், நீயே சாப்பிடு" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அழுகை அவளுக்கு எப்போதும் கைவசம் இருக்கும், அதை என் வீட்டுச் சாவிலேயே பார்த்தாயிற்று.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். மன்னித்ததைத்தான் இவ்வளவு நேரமும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய சாமி என்ன சொல்லி அனுப்பினார் என்றும் எனக்குத் தெரியும். இன்னாசி வந்து சொன்னார், இரண்டு தரம் சொன்னார். சத்தம் போடாமல், நிற்காமல் ஓடினால் வண்டி முன்னால் போகட்டும். இல்லையென்றால் இந்த வருஷத்தோடு ஜோஸ்வின் கார். நியாயம்தான். நான் நியாயத்துக்குப் பயப்படுகிறவள் இல்லை. இந்த வண்டி முன்னால் போகவில்லை என்றால் திருநாள் அன்றைக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பேன், அவ்வளவுதான். அந்த மனுஷன் போன பிறகு வருஷத்தில் ஒரு நாள்தான் அவர் தெருவில் வருகிற மாதிரி இருக்கும். அந்த ஒரு நாளையும் அவளுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

சரி, பேச்சு எதற்கு? எழுந்திருக்க வேண்டாம், நீங்கள் அங்கேயே இருங்கள். சாவி என் முந்தானையில்தான் இருக்கிறது. இதோ. சோக்கை இழுக்கிறேன். பிடித்துக்கொண்டது பாருங்கள், ஒரே திருப்பில். ஏன் காதைப் பொத்துகிறீர்கள்? கொஞ்சம் சூடேறட்டும். இன்ஜின் சூடேறாமல் ஸ்லோ வைக்கக் கூடாது, அவர் சொன்னது.

இப்போது சோக்கை உள்ளே தள்ளியாயிற்று. நீங்கள் மெதுவாக ஓட வேண்டும் என்கிறீர்கள், குறைக்கிறேன். முதலில் ஓட்ட ஸ்குரூ. பிறகு கலவை. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், ரொம்பக் குறைந்தால் உதறும். கொஞ்சம் வெளியே. இப்போது ஓட்டம் மறுபடியும். இன்னும் கொஞ்சம். இன்னும் குறைக்கவா? தலையை ஆட்டுகிறீர்கள், குறைக்கிறேன். அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், மெதுவாக, அவர் சொன்ன மாதிரி.

பானெட் மேல் கை வைத்திருக்கிறேன். ஒரு நடுக்கம் தெரிகிறது. என் கையே இப்போதெல்லாம் நடுங்குகிறது.

அந்தப் பக்கம் எஸ்கலின் மிக்ஸி போட்டுவிட்டாள் போலிருக்கிறது, வேண்டுமென்றே. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாமி, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். வந்து இப்படிக் குனிந்து கேட்டுச் சொல்லுங்கள். ஓடுகிறதா, நின்றுவிட்டதா? அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், சாமி.